நான் கதை சொன்ன இங்கிலீஷ் படம்

அன்றைக்கு மாடி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். மாடி வீட்டு மாமா, மாமி. டைலர் பாய், அவர் மனைவி, மடியில் கைக்குழந்தை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தம்பி, நான். பின்வீட்டு அக்கா. வாடகைக்கு வீடியோ டெக் கொண்டுவந்த ஆளையும் சேர்த்தால் பதினொன்று. ஆனால் அவர் ஒயரைச் செருகி, படம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை. எத்தனை தடவை எண்ணினாலும் பத்துதான் வருகிறது. நான் பேசியதைக் கேட்டவர்கள் ஒன்பது பேர் என்று அர்த்தம். கைக்குழந்தையைக் கழித்தால் எட்டு.

மந்தைவெளியில் ஒரு காம்பவுண்டு. கீழே மூன்று குடித்தனம், மாடியில் ஒன்று, எல்லாருக்கும் ஒரே அடிபம்பு. அரையாண்டுப் பரீட்சை முடிந்த லீவு, கிறிஸ்துமஸ் நாள் மத்தியானம். சாந்தோம் பக்கமிருந்து அவ்வப்போது வெடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. டி.வி. மாமாவுடையது, டெக்கும் கேசட்டும் வாடகை. என் வயசுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய துண்டில் சுற்றி, கேரியரில் கட்டிக் கொண்டுவந்து, பிள்ளையை இறக்குவதுபோல் இறக்குவார்கள். கேசட்டை வாய்க்குள் தள்ளினால் ‘கடக்’கென்று விழுங்கும். படம் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் வெள்ளைக் கோடுகளாக ஓடும். அந்தக் கோடுகளைக்கூட ஆசையாகப் பார்த்தோமே. வெளிச்சம் வராமலிருக்க மாமியின் கிளிப்பச்சைப் புடவையை நாலாக மடித்து ஜன்னலில் கட்டியிருந்தார்கள். அதனால் எல்லார் முகமும் கொஞ்சம் பச்சையாக இருந்தது.

கணக்கு மாமாவிடம். மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். தாளம் ஒரு இம்மி தப்பினாலும் பொறுக்கமாட்டார், காசிலும் அப்படித்தான். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் வீட்டுக்குப் பதினைந்து ரூபாய் என்று எழுதினார். பின்வீட்டு அக்கா தனி ஆள். அவள் புருஷன் கிண்டியில் நட்டு போல்ட்டு செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தவர், ஆறு மாதத்துக்கு முன்தான் மஞ்சள்காமாலையில் போயிருந்தார். அதனால் அவளுக்கு மட்டும் ஐந்து ரூபாய். மூன்று கொண்டுவந்து வைத்தாள்.

“ரெண்டு ரூபா பொறவு தர்றேன் மாமா. கம்பெனிலேர்ந்து லெட்டர் வரும்னு சொல்லிக்கிறாங்கோ.”

“அதுக்கென்ன, மெதுவாக் குடு” என்று சொல்லிக்கொண்டே மாமா ‘பின்வீடு, பாக்கி 2’ என்று எழுதினார்.

காலையில் இரண்டு தமிழ்ப் படம் ஓடி முடிந்தது. மூன்றாவதாக பக்திப் படம்தான் கேட்டிருந்தார்கள். வந்ததோ இங்கிலீஷ் படம். டெக்குக்காரர் போகும்போதே மாமாவிடம் சொல்லியிருந்தார்: “பக்திப் படம் எல்லாம் வெளிய பூட்ச்சு மாமா. லீவு நாளாச்சே. இத்த ஒண்ணுதான் வச்சிக்கினு இருந்தேன். கிறிஸ்மஸ் படம். நம்ப சாமி படம் மாரிதான்.”

அட்டையில் விளக்குப் போட்ட ஒரு பச்சை மரம். அதைப் பார்த்தால் யாரும் பயப்படமாட்டார்கள்.

“இங்கிலீஷா? ஒண்ணும் புரியாதே” என்றாள் மாமி.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னா மாமி நீங்க? எம் பொண்ணு எதுக்குக் கீறா? கான்வென்ட்டு! கட கடன்னு சொல்லுவா பாருங்க.”

அப்பா அந்தக் கான்வென்ட்டின் வேன் ஓட்டுகிறவர். அதனால் ஃபீஸ் இல்லாமல் எனக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. ஏழாம் வகுப்பு. கடைசி பெஞ்சு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘பிரசன்ட் மிஸ்’, ‘மே ஐ கம் இன்’, அப்புறம் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த நாலு பாட்டு. பாடம் சேர்ந்து படிக்கும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். இது எனக்கும் கடவுளுக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. இஸ்திரி போட்ட என் யூனிஃபார்மைக் கொடியில் மாட்டிவிட்டு, தூரப் போய் நின்று பார்க்கிறவர் அவர்.

தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ அவமானத்தோடு போயிருக்கும்.

படம் தொடங்கியது. எங்கே பார்த்தாலும் பனி. “தெர்மாகோல்” என்றார் மாமா. ஒரு ஆள் காட்டில் மரம் வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் நட்டு, விளக்குப் போடுகிறான். விருந்துக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். குண்டாக, மீசை வைத்த ஒருவர் சிவப்புக் கோட்டில் வந்தார். “அந்தக் கோட்டுக்கு லைனிங்கே கொடுக்கல, பாத்தீங்களா?” என்று டைலர் பாய் முன்னால் சாய்ந்து பார்த்தார். இதுவரை எனக்கு வேலை சுலபம். ‘வாங்க வாங்கன்னு சொல்றாங்க’, ‘சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க’ என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிறகு மீசைக்காரர் யாரும் இல்லாத நேரத்தில் மரத்தடிக்கு வந்து, அடுத்தவர்களுக்கு வைத்திருந்த பரிசுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கிளை ஒன்று மெதுவாக நீண்டது. பாம்புபோல் அவர் இடுப்பைச் சுற்றியது. அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. பனிபோல் வெள்ளையாக இருந்த கம்பளத்தில் கொஞ்சம் ரத்தம். அப்புறம் மரம் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. கிளை நுனியில் புதிதாக ஒரு சிவப்புப் பந்து தொங்கியது. பந்தில் அதே மீசை.

“யா அல்லா!” பாய் மனைவி குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். தம்பி அம்மா முந்தானைக்குள் போய்விட்டான். மற்ற எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாடி ஆச்சு? சொல்லு” என்றார் அப்பா.

எனக்கு என்ன தெரியும்? ஜன்னலில் மாமியின் பச்சைப் புடவை காற்றில் உப்பி இறங்கியது. அதைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது.

“மரத்துல அம்மன் எறங்கியிருக்கா. அந்தாளு அடுத்தவங்க பொட்டியத் தொறந்தாரு இல்ல, அதான் தண்டனை.”

மாமி படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அதானே பாத்தேன். சாமி படம்னுதானே சொல்லிண்டு போனான்.”

“ஏப்பம் உடுது பார்ரா சாமி!” என்று அப்பா சிரித்தார்.

“சிரிக்காதேள். தெய்வ குத்தம்.”

அதற்குப் பிறகு எனக்குப் பயமே இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது. மரம் ஒவ்வொருவராக விழுங்க விழுங்க, விழுங்கப்பட்டவர் செய்த பாவத்தை நான் சொன்னேன். ஒருத்தி மாமியாரைச் சோறு போடாமல் விரட்டியவள். ஒருத்தன் சீட்டுப் பணம் எடுத்துக்கொண்டு ஓடியவன். கிளை நீளும்போதெல்லாம் கூடத்தில் கைதட்டல். பயமுறுத்தும் இசை வந்தால் மாமா தொடையில் தாளம் போட்டு, “பரவாயில்லை, வெள்ளைக்காரன் கணக்கு வச்சிண்டுதான் வாசிக்கறான்” என்றார்.

நடுவில் அந்த வீட்டுக்காரனுக்கு ஒரு கடிதம் வந்தது. திரை முழுக்கக் கையெழுத்து. அதை எழுதியவள் காட்டோரத்தில் தனியாக இருக்கிற ஒரு கிழவி.

“படி, படி, மறஞ்சுடப்போறது!” என்று மாமி அவசரப்படுத்தினாள்.

“விருந்துக்கு வர்றேன், பொங்கல் கழிச்சுத்தான் கெளம்புவேன்னு எழுதியிருக்கா.”

“வெள்ளைக்காரனுக்கு ஏதும்மா பொங்கல்?” என்றார் பாய்.

“அவங்க ஊர்ப் பொங்கல்.”

எல்லாரும் சிரித்தார்கள். நம்பிக்கொண்டே சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிழவி கோடரியோடு வந்து நின்றாள். விறகு வெட்டித் தர வந்திருக்கிறாள் என்றேன். அவள் நேராகப் போய் மரத்தை வெட்டத் தொடங்கினாள். “அடிப் பாவி!” என்று மாமி எழுந்தே விட்டாள். அவளை எப்படி விளக்குவது என்று தெரியாமல், சூனியக்காரி என்றேன். கூடமே கிழவியைத் திட்டியது.

பின்வீட்டு அக்கா மட்டும் திட்டவில்லை. கதவோரமாகக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: “பாவம், பல்லக் கடிச்சிக்கினு எப்டி வெட்றா பாரு. அத்தப் பாத்தா கெட்டவ மாரி தெர்லியே கண்ணு.”

“இல்லக்கா. இங்கிலீஷ்ல அப்பிடித்தான் சொல்றாங்க.”

“அப்டியா? சர்தான். படிச்ச பொண்ணு நீ சொன்னா சரி.”

கடைசியில் மரம் எரிந்தது. பந்துகள் வெடித்து, விழுங்கப்பட்டவர்கள் எல்லாம் கரிபூசிய முகத்தோடு வெளியே விழுந்தார்கள். அம்மன் மன்னித்துவிட்டாள் என்று முடித்தேன். மாமி உள்ளே போய்க் கற்பூரம் ஏற்றிவந்து டி.வி.க்குக் காட்டினாள். நான் ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, பம்படியில் குடத்தோடு நின்றபோது அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அரிசி டப்பாவிலிருந்து நீளமான ஒரு கவரை எடுத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

“கம்பெனிலேர்ந்து வந்துக்கீது. இன்னா எய்திக்கிறாங்கன்னு பாரு கண்ணு. வெளிய யார் கைலயும் காட்ல. எல்லாம் ஆளுக்கொண்ணு பேசும்.”

டைப் அடித்த கடிதம். ‘டியர் மேடம்’ தெரிந்தது. ‘பிளீஸ்’ தெரிந்தது. மற்றதெல்லாம் எறும்பு வரிசை. அந்தப் படத்தில் திரை முழுக்க நின்ற கையெழுத்துபோல் அதுவும் நின்றது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பண்டிகைக்கு வாழ்த்து சொல்லியிருக்காங்கக்கா. பொங்கல் கழிச்சு வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க.”

“அவ்ளோதானா? இத்தினி எய்திக்கீதே.” விரலை வைத்துக் காட்டினாள். அவளுக்கு எண் தெரியும். “இங்க முப்பத்தொண்ணுன்னு போட்டுக்கீதே, அது இன்னா?”

“அது... முப்பத்தொண்ணு வரைக்கும் கம்பெனி லீவு.”

அக்கா கவரை மடித்து மறுபடி அரிசி டப்பாவில் வைத்தாள். ஒரு துண்டு கடலைமிட்டாய் கொடுத்தாள். அதையும் வாங்கித் தின்றேன்.

முப்பத்தொன்றுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் எனக்கு ஒவ்வொரு மணியாக நினைவிருக்கிறது. டீச்சரிடம் கடிதத்தைக் காட்டலாம் என்றால் பள்ளிக்கூடம் லீவு. அம்மாவிடம் சொல்லலாம் என்று அடுப்பங்கரை வரை போய்த் திரும்பினேன். அக்காவிடமே சொல்லிவிடலாம் என்று பம்படிக்குப் போவேன். அவள், “வாடி இங்கிலீஷு” என்று சிரிப்பாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அப்பா இதற்குள் வேன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. அக்காதான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

பொங்கல் கழிந்தது. அக்கா தன்னிடமிருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிண்டிக்கு பஸ் ஏறினாள். மத்தியானம் திரும்பிவந்து, புடவைகூட மாற்றாமல் பம்பு மேடையில் உட்கார்ந்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

“கண்ணு, இங்க வா.”

போனேன்.

“கேன்டீன்ல வேல குடுக்கறதா எய்தியிருந்தாங்களாம். அவுரு வேலைக்கி பதிலா. முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள வந்து கையெய்த்து போடணுமாம். வேற ஒர்த்தரப் போட்டுட்டாங்கோ. லெட்டரு வந்துச்சே படிக்கலியாம்மான்னு கேட்டாரு அந்த ஆபீசரு. இன்னா சொல்றது?”

நான் பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“படிக்கத் தெர்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நான் போஸ்ட் ஆபீஸாண்ட போய் யார் கைலயாவது கேட்டிருப்பேன்ல?” கத்தவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள். “உங்கப்பா கைல சொல்ல மாட்டேன். பயப்படாத. அந்தாளு உடைஞ்சி பூடுவாரு.”

அழுகை வந்தது. அவள் என்னைப் பார்க்காமல், பம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“மரத்துல அம்மன் எறங்குச்சுன்னியே. அதுவும் பொய்யா?”

“இல்லக்கா. அது நெசம்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மன்னிக்க முடியாதது அதுதான். மற்றவை பயத்தில் வந்தவை. இதுவோ, எல்லாம் தெரிந்துபோன பிறகும் வந்தது.

வாடகை கொடுக்க முடியாமல் பிப்ரவரியிலேயே அக்கா வியாசர்பாடியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். காலையில் ரிக்‌ஷாவில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடம், ஸ்டவ். மாமா மிருதங்க வகுப்புக்குப் போயிருந்தார். மாமி கோவிலுக்கு. அக்கா என்னைக் கூப்பிட்டு, நாலாக மடித்த ஒரு இரண்டு ரூபாய் நோட்டைக் கையில் வைத்தாள்.

“டெக்கு துட்டு. மாமா கைல குடுத்துடு. மறந்துடாத.”

இங்கிலீஷ் புத்தகத்துக்குள் வைத்தேன். சாயங்காலம் கொடுக்கலாம் என்று இருந்தேன். கொடுத்தால் மாமா, ‘அவ ஏன் கெளம்பிட்டா, உன்கிட்ட என்ன சொன்னா?’ என்று கேட்பார். கேட்டால் என் முகமே சொல்லிவிடும். நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்தேன். நாளைக்கு என்றால், ‘நேத்தே ஏன் குடுக்கலை?’ என்பார். ஒரு வாரம் போனபின், ‘ஒரு வாரமா வச்சிண்டிருந்தியா?’ என்பார். இப்படியே அந்த நோட்டு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. ஒருநாள் மாமி பம்படியில் சொன்னாள்: “மூணு ரூபா குடுத்துட்டு, மீதியக் குடுக்காமயே போயிட்டா பாருங்கோ. பாவம்னு இருந்தோம்.”

“போறது விடு, ரெண்டு ரூபாதானே” என்றார் மாமா.

அம்மாவும், “யாரை நம்பறது?” என்றாள். நான் குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதோடு விடவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் யார் காசு இழுத்தடித்தாலும் காம்பவுண்டில், “பின்வீட்டுக்காரி கணக்கா?” என்று சொல்லிச் சிரிப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்கூட, அவளைப் பார்த்தே இராதவர்கள், அதைச் சொன்னார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே.

ஒன்பதாவதில் இங்கிலீஷில் தவறினேன். மறுவருஷமும் தவறினேன். அப்பா கான்வென்ட்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். “வூட்ல நல்லா பேசுமே மேடம்” என்றார். அதற்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. என் புத்தகங்களை அம்மா பேப்பர் கடையில் எடைக்குப் போட்டாள். நான் தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு மடித்துவைக்கிற வேலைக்குப் போயிருந்தேன். திரும்பிவந்தபோது அலமாரி காலி. அந்த நோட்டு இங்கிலீஷ் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. கிலோ கணக்கில் அதுவும் போனது.

அந்தக் கடையில் நான் சேர்ந்து பத்து வருஷம் இருக்கும். ஒரு ஆடித் தள்ளுபடியில், கூட்டத்துக்கு நடுவே நரை விழுந்த ஒரு பெண் நூல் புடவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலைச் சீட்டில் விரலை வைத்து எண்ணைப் படித்த விதம் எனக்குத் தெரிந்த விதம். பக்கத்துக் கவுன்ட்டர் பெண்ணிடம், “நீ கவனி, எனக்குத் தலை சுத்துது” என்று சொல்லிவிட்டு, மடிக்காத புடவைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவள்தானா என்று இன்றுவரை தெரியாது. எழுந்தபோது அவள் இல்லை. புடவையும் வாங்கவில்லையாம்.

போன கிறிஸ்துமஸ் லீவில் என் மகள் அடையாறிலிருந்து வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டபின் டி.வி.யில் ஏதோ ஒரு பழைய படம் போட்டாள். “பேய்க் காமெடிம்மா, செம ஜாலியா இருக்கும், கீழ தமிழ்லயே எழுத்து வரும்” என்றாள். பனி. கூடத்தில் பச்சை மரம். மீசைக்காரரின் சிவப்புக் கோட்டுக்கு லைனிங் இல்லை. நான் டி.வி.க்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

அத்தனை வருஷம் கழித்து அந்தப் படத்தைப் படித்தேன். மரத்தில் சாமியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது பசி பிடித்த பேய். விழுங்கப்பட்ட யாரும் மாமியாரை விரட்டவில்லை, சீட்டுப் பணம் தின்னவில்லை. கிழவிதான் நல்லவள், அவள் ஒருத்திதான் விஷயம் தெரிந்தவள். அக்கா கதவோரமாக உட்கார்ந்து, ஒரு எழுத்துத் தெரியாமல், முகத்தைப் பார்த்தே சொன்னாளே, அதுதான் கதை.

பிறகு திரை முழுக்க அந்தக் கையெழுத்து வந்தது. கீழே தமிழில் ஓடியது: ‘அந்த மரத்தை வீட்டுக்குள் விடாதே. விட்டிருந்தால் இருபத்தைந்தாம் தேதிக்குள் வெட்டிவிடு. தேதி தவறினால் யார் வந்தும் பிரயோஜனமில்லை.’

“ஏம்மா அழற? காமெடிப் படம்மா இது!” என்று மகள் சிரித்தாள். கண்ணில் தூசி என்றேன். அவள் நம்பினாள். என்னை எப்போதுமே நம்பத்தான் செய்கிறார்கள்.

மாமா, மாமி இருவரும் இல்லை. அப்பாவும் இல்லை. தன் பெண் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள் என்ற நினைப்போடுதான் போனார். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். காம்பவுண்டு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. அக்காவுக்குப் போன வேலையையும், அதனால் போன வருஷங்களையும் என்னால் கணக்குப் போட முடியாது. போட்டாலும் தீர்க்க முடியாது. ஒன்றே ஒன்றுதான் திருத்த முடியும். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மாமா எழுதிய ‘பின்வீடு’ என்பதை அடித்துவிட வேண்டும். அவள் முழுசாகக் கொடுத்துவிட்டாள், என் கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். பாக்கி, இரண்டு ரூபாய்.